தெற்குத்தெருவுக்கு ஒரு தமுக்கு

"பெற்றோர் வரவில்லை" என்று பெரிய வாத்தியார் சிவசாமி சொன்னதோடு நிறுத்தியிருந்தால் நான் பொறுத்துக்கொண்டிருப்பேன். அதற்கப்புறம் ஒன்று சொன்னார் பாருங்கள், அங்கேதான் எனக்குக் கோபம் தலைக்கு ஏறியது.

"அக்கறை இல்லாத ஜனங்க சார். எத்தனை தடவை சொன்னாலும் வரமாட்டாங்க."

இதைக் கேட்டுக்கொண்டிருந்தவர் டெபுடி இன்ஸ்பெக்டர். இடம், பனையடிமங்கலம் தொடக்கப்பள்ளியின் ஐந்தாம் வகுப்பு. அன்றைக்குப் பெற்றோர் நாள். மேலத்தெருவிலிருந்தும் நடுத்தெருவிலிருந்தும் சலவை வேட்டியும் பட்டுச்சேலையுமாக வந்தவர்கள் நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தார்கள். இன்ஸ்பெக்டர் கூப்பிட்ட பெயர் எல்லையம்மாள். அவள் சுவரோரம் நின்றிருந்தாள். எண்ணெய் வழிய வாரிய தலை, பொத்தான் போன இடத்தில் ஊக்கு. பெரிய வாத்தியார் சொன்னது அவள் காதிலும் விழுந்தது. வாசலையே பார்த்துக்கொண்டிருந்தவள் குனிந்துகொண்டாள்.

நான் அந்த வகுப்பு டீச்சர் ஹபீபுன்னிசா. தினமும் கூத்தாநல்லூரிலிருந்து பஸ்ஸில் வந்து போகிறவள். எனக்குக் கோபம் கொஞ்சம் சீக்கிரம் வரும் என்று பள்ளியில் எல்லாருக்கும் தெரியும். அன்றைக்கு வந்தது அந்தக் கணக்கில் சேராது.

எங்கள் பள்ளி ஐந்தாம் வகுப்போடு முடிந்துவிடும். ஆறாம் வகுப்புக்குத் திருவாரூர் போகவேண்டும். மேலத்தெருப் பிள்ளைகளுக்கு சைக்கிள் உண்டு, சொந்தக்காரர் வீடு உண்டு. தெற்குத்தெருப் பிள்ளைகளுக்கு இருந்த ஒரே வழி அரசாங்க விடுதி. சோறு, துணி, புத்தகம் எல்லாம் அங்கேயே கொடுத்துவிடுவார்கள். ஆனால் பெற்றவர் ஒருவர் நேரில் வந்து, அதிகாரி முன்னால் "அனுப்புகிறேன்" என்று சொல்லிக் கைநாட்டு வைக்கவேண்டும். வருஷத்துக்கு ஒரே ஒரு நாள். அன்றைக்கு விட்டால் விட்டதுதான். எல்லையம்மாள் அடுத்த நடவுக்கு அம்மாவோடு வயலில் இறங்கவேண்டியதுதான். அவளோடு நின்ற மற்றத் தெற்குத்தெருப் பிள்ளைகளுக்கும் அதே கதிதான்.

இதில் அக்கறை இல்லையாம்!

வகுப்பில் என்ன நடக்கிறது, அடுத்து என்ன வரப்போகிறது என்பதை வீட்டுக்குச் சொல்ல எங்கள் பள்ளியில் ஓர் அறிவிப்புப் பலகை உண்டு. பெரிய வாத்தியார் முத்துமுத்தாக எழுதி ஒட்டுவார். அது தொங்குகிற இடம் மேலத்தெரு முனை. தெற்குத்தெருக்காரர்கள் அங்கே நின்று பலகை படித்தால் என்ன நடக்கும் என்று யாருக்கும் சொல்லவேண்டியதில்லை. நிற்கவிட்டாலும் படிக்கத் தெரிந்தவர்கள் யார்?

அதனால் நான் "வீட்டுச் செய்தி" என்று ஒன்று வைத்திருந்தேன். வெள்ளிக்கிழமை கடைசி மணியில் பிள்ளைகளே சேர்ந்து இரண்டு வாக்கியம் செய்வார்கள். இந்த வாரம் என்ன படித்தோம், அடுத்த வாரம் என்ன செய்யப்போகிறோம். அதை வாய்ப்பாடமாக்கி வீட்டில் போய்ச் சொல்லவேண்டும். வீட்டில் என்ன பதில் சொன்னார்கள் என்று திங்கட்கிழமை வந்து சொல்லவேண்டும். காவிரி குடகில் பிறக்கிறது என்ற செய்தியை அனுப்பிய வாரம், "அது அங்கியே கெடந்திருக்கக் கூடாதா, ஐப்பசி வெள்ளத்துல நம்ம குடிசை தப்பிச்சிருக்குமே" என்று எல்லையம்மாளின் அம்மா ராஜம்மாள் பதில் அனுப்பினாள். வகுப்பே சிரித்தது. நானும்தான்.

புது ஆட்சி வந்து, ஆஜர் எடுக்கும்போது "பிரசண்ட் சார்" கூடாது, "உள்ளேன் ஐயா" என்று சொல்லவேண்டும் என்று உத்தரவு வந்ததே, அதையும் வீட்டுச் செய்தியாக அனுப்பினேன். எல்லையம்மாளின் அப்பா பக்கிரிக்கு அது ரொம்பப் பிடித்துப்போயிற்றாம். சாயங்காலம் மகள் அவர் பெயரைக் கூப்பிட, அவர் வாசலில் விறைப்பாக நின்று "உள்ளேன் ஐயா" என்பாராம். ராஜம்மாள் தலையில் அடித்துக்கொள்வாளாம்.

பெற்றோர் நாள் வெள்ளிக்கிழமை என்றுதான் முதலில் முடிவாகியிருந்தது. பிள்ளைகள் அப்படித்தான் வீட்டில் சொன்னார்கள். தெற்குத்தெருவில் எல்லாரும் வருவதாகப் பதிலும் வந்தது. சனிக்கிழமை இன்ஸ்பெக்டரின் சுற்றுப்பயணம் மாறி, திங்கட்கிழமையே வருகிறார் என்று தகவல் வந்திருக்கிறது. எனக்குத் தெரியாது. திங்கட்கிழமை காலையில் பஸ்ஸை விட்டு இறங்கி, பள்ளி வாசலில் மாவிலைத் தோரணத்தைப் பார்த்தபிறகுதான் தெரிந்தது.

"தெற்குத்தெருவுக்குச் சொல்லியாச்சா சார்?" என்று நான் கேட்ட முதல் கேள்வியே அதுதான்.

"நேத்தே பக்கிரிய விட்டுத் தமுக்குப் போட்டாச்சும்மா. உங்க வீட்டுச் செய்தியெல்லாம் விளையாட்டு. இது கவர்ன்மெண்டு காரியம்" என்றார்.

பக்கிரிதான் ஊருக்குப் பறையடித்துச் செய்தி சொல்கிறவர். தெற்குத்தெருக்காரர். அவர் மகளே ஐந்தாம் வகுப்பில் படிக்கிறாள். இதைவிட உறுதி என்ன வேண்டும்? நம்பிவிட்டேன்.

இப்போது நாற்காலிகளில் அந்தத் தெருவிலிருந்து ஒருவர் இல்லை.

"சார், கொஞ்சம் பொறுங்க. நான் போய்க் கூட்டிட்டு வர்றேன்" என்றேன் இன்ஸ்பெக்டரிடம்.

அவர் கெட்டவர் இல்லை, பசித்திருந்தார். மதியச் சாப்பாடு பிரசிடெண்ட் வைத்தியலிங்கம் வீட்டில் ஏற்பாடாகியிருந்தது. "சாப்பிட்டு வந்து இன்னொரு தடவை பேர் கூப்பிடறேம்மா. அப்பவும் வரலைன்னா என்னால ஒண்ணும் செய்ய முடியாது. அடுத்த ஊருக்குப் போகணும்" என்றார்.

குடையை எடுக்கக்கூடத் தோன்றாமல் வாய்க்கால் கரையோடு நடந்தேன். தை மாத அறுப்பு. கண்ணுக்கெட்டிய வரைக்கும் வைத்தியலிங்கத்தின் வயல்தான். பஞ்சாயத்துக்கு அவர் பிரசிடெண்ட், வயலுக்குப் பண்ணையார், பள்ளிக் கட்டடம் அவர் தாத்தா கொடுத்தது. கூலி நெல்லை உயர்த்திக் கேட்டுத் தெற்குத்தெருவார் அறுப்புக்கு இறங்க மறுத்து, தாசில்தார் வந்து பேசி முடித்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. அந்த ஆத்திரத்தில் பண்ணையார் பாதி வயலுக்கு வெளியூர் ஆட்களை லாரியில் இறக்கியிருந்தார். இந்தப் பக்கம் தெற்குத்தெரு, அந்தப் பக்கம் லாரி ஆட்கள். நடுவரப்பில் குடை பிடித்துக்கொண்டு பண்ணையாரின் ஏஜெண்ட் பஞ்சநதம்.

"ஏஜெண்டு, அஞ்சாம் வகுப்புப் பிள்ளைங்களோட அப்பா அம்மாவை ஒரு மணி நேரம் ஸ்கூலுக்கு அனுப்புங்க. அதிகாரி வந்திருக்கார்" என்றேன்.

"டீச்சரம்மா, சங்கத்துக்காரன் கொடியோட வர்றான், நீங்க கொடி இல்லாம வர்றீங்க. அவ்வளவுதான் வித்தியாசம்."

"இது சங்கமில்லை. பிள்ளைங்க படிப்பு."

"நான் யாரையும் புடிச்சு வைக்கலியே. போறவங்க அருவாள வச்சிட்டுப் போகட்டும். நாளையிலேருந்து அவங்க பங்கையும் அந்தாண்ட நிக்கறவங்க அறுத்துக்குவாங்க."

அவன் சத்தம் போட்டுச் சொல்லவில்லை. வெற்றிலை மென்றுகொண்டே சொன்னான். அந்தக் குடையைப் பிடுங்கி அவன் மேலேயே போடலாம்போல இருந்தது எனக்கு.

ராஜம்மாள் அரிவாளோடு நிமிர்ந்தாள். "வெள்ளிக்கெழமன்னுதானே எல்லை வந்து சொல்லிச்சு டீச்சரம்மா? வெள்ளிக்கெழம அறுப்புக்கு வரமாட்டேன்னு நான் ஏஜெண்டுகிட்ட அன்னிக்கே சொல்லி வச்சிட்டேனே."

"இன்னைக்குன்னு மாத்திட்டாங்க ராஜம்மா. நேத்து தமுக்குப் போட்டாங்களே, கேக்கலையா?"

பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒருத்தி சிரித்தேவிட்டாள்.

"எங்க தெருவுல எப்பம்மா தமுக்குப் போட்டாங்க?" என்றாள் ராஜம்மாள்.

எனக்கு அப்போது பக்கிரி மேல் வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. பெற்ற மகளுக்கே செய்தி சொல்லாத மனுஷன் என்ன மனுஷன்? விறுவிறுவென்று தெற்குத்தெருவுக்கு நடந்தேன். திரும்பிப் பார்த்தால் எல்லையம்மாள் பின்னாலேயே வந்துகொண்டிருந்தாள். அவளுக்குப் பின்னால் மற்றப் பிள்ளைகளும்.

பக்கிரி குடிசை வாசலில் உட்கார்ந்து பறைக்கு வார் இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தார். சாயங்காலம் கோயில் ஏலத்துக்கு அடிக்கவேண்டுமாம். என்னைப் பார்த்ததும் எழுந்து தோள் துண்டைக் கையில் எடுத்துக்கொண்டார்.

"நேத்து தமுக்குப் போட்டது நீங்கதானே? என்ன சொன்னீங்க?"

நான் கத்திய கத்தலில் நாய் ஒன்று எழுந்து ஓடியது. அவர் கண்ணை மூடிக்கொண்டு ராகத்தோடு ஆரம்பித்தார்.

"இதனால சகலமானவங்களுக்கும் தெரிவிக்கறது என்னன்னா, நாளைக்குத் திங்கக்கெழம காலையில நம்ம ஸ்கூல்ல பெத்தவங்க நாளு. அஞ்சாம் வகுப்புப் புள்ளைங்களப் பெத்தவங்க அத்தன பேரும் தவறாம வந்து சேரணும்..."

ஓர் எழுத்து பிசகவில்லை.

"உங்க பொண்ணு என்ன வகுப்பு?"

"அஞ்சாவதுங்க" என்றார்.

சொல்லிவிட்டு அப்படியே நின்றார். என்னைப் பார்த்தார், மகளைப் பார்த்தார், கையிலிருந்த பறையைப் பார்த்தார்.

"தமுக்குல சொல்ற சேதி எதுவும் எங்களுக்கு இல்லீங்களே டீச்சரம்மா" என்றார் கடைசியில். "கோயில் ஏலம், வாய்க்கா தண்ணி மொறை, வரி கட்டறது... எங்கப்பன் காலத்துலேருந்து மேலத்தெருவுலயும் நடுத்தெருவுலயும் போயிச் சொல்லிட்டு வந்துருவோம். நம்ம தெருவுல பறை அடிச்சா சாவுன்னு அர்த்தம். அதனால இங்க அடிக்கறதே இல்ல. பெரிய வாத்தியாரு சொல்லச் சொன்னாரு, சொன்னேன். பெத்தவங்கன்னா அது நானுந்தான்னு... எனக்குத் தோணவே இல்லீங்க."

அவரைத் திட்ட வந்தவள் நான். வந்த கோபம் தணியவில்லை. அது அவரை விட்டுவிட்டு எங்கெங்கேயோ போயிற்று. தமுக்குப் போட்டாச்சு என்று சொன்ன பெரிய வாத்தியார் மேல், அதைக் கேட்டுத் தலையாட்டிய என் மேல், தலைமுறை தலைமுறையாக இந்த மனுஷனின் குரலை வாடகைக்கு எடுத்துக்கொண்டு, அந்தக் குரல் சொல்வதில் அவருக்குப் பங்கே இல்லை என்று அவரையே நம்பவைத்த ஊர் மேல். அழுகை வந்தது. அழுதால் நேரம் போய்விடும் என்று கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

"சரி, வாங்க. நீங்க வந்து கைநாட்டு வச்சா எல்லைக்காவது இடம் கிடைச்சிரும். இன்ஸ்பெக்டர் சாப்பிட்டு வர்றதுக்குள்ள போயிடலாம்" என்றேன்.

பக்கிரி ஓர் அடி எடுத்து வைத்தார். பிறகு மகளோடு வந்து நின்ற பிள்ளைகளைப் பார்த்தார்.

"இதுங்க?"

"அவங்க அப்பா அம்மாவை ஏஜெண்டு விடமாட்டேங்கறான். நான் கேட்டுப் பாத்துட்டேன்."

அவர் வயல் பக்கம் திரும்பிப் பார்த்தார். அப்புறம் குடிசைக்குப் பக்கத்திலிருந்த வைக்கோலை உருவிப் போட்டுப் பற்றவைத்தார். பறையை அந்தத் தீயில் காட்டித் திருப்பித் திருப்பிக் காய்ச்சினார்.

"எல்லை, நீ உள்ள போ" என்றார்.

"எதுக்குப்பா?"

"போன்னா போ. இதை நீ கேக்க வேணாம்." என்னிடம் திரும்பி, "பொய்யா அடிக்கக் கூடாதுங்க இது. குடும்பத்துக்கு ஆகாதும்பாங்க. ஆனா வயல்ல நிக்கறவங்களுக்குக் கேக்கற அடி இது ஒண்ணுதான்" என்றார்.

பறையை இடுப்பில் சாய்த்து அடிக்கத் தொடங்கினார். தமுக்கு அடி எனக்குத் தெரியும், அது துள்ளும். இது அப்படி இல்லை. கனத்து, இழுத்து விழுகிற அடி. எனக்கு அது என்னவென்று புரிவதற்குள் வயலுக்குப் புரிந்துவிட்டது.

குனிந்திருந்த முதுகுகள் எல்லாம் ஒன்றாக நிமிர்ந்தன. அரிவாள்கள் கீழே விழுந்தன. சாவுக்குக் கரையேறுகிறவர்களைத் தஞ்சாவூர்ச் சீமையில் எந்தப் பண்ணையிலும் தடுப்பதில்லை. தடுத்தால் அந்தப் பாவம் களத்து நெல்லில் ஒட்டிக்கொள்ளும் என்று பண்ணையார்களுக்கே பயம். பஞ்சநதம் குடையை மடக்கிக்கொண்டு ஒதுங்கி வழி விட்டான். லாரியில் வந்தவர்கள்கூட அறுப்பை நிறுத்திவிட்டுக் கைகட்டி நின்றார்கள்.

வரப்பெல்லாம் ஆட்கள் ஓடிவந்தார்கள். எல்லாருக்கும் முன்னால் ராஜம்மாள், அவிழ்ந்த தலையோடு.

"என்னாச்சு? எம் புள்ளைக்கு என்னாச்சு?" என்று மார்பில் அடித்துக்கொண்டே வந்தவள், குடிசை வாசலில் எட்டிப் பார்த்த எல்லையம்மாளைக் கண்டாள். அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டாள். பிறகு எழுந்து போய்ப் பக்கிரியின் கன்னத்தில் ஓங்கி ஓர் அறை விட்டாள்.

"யாருய்யா செத்தது? சொல்லித் தொலையேன்!"

பக்கிரி அறையை வாங்கிக்கொண்டு நின்றார். பறையைச் சரியாக மாட்டிக்கொண்டார். அடி மாறியது, துள்ளியது. தமுக்கு.

"தெற்குத்தெரு..." என்று ஆரம்பித்து நிறுத்தினார். செருமிக்கொண்டார். "தெற்குத்தெரு ஜனங்களுக்குத் தெரிவிக்கறது என்னன்னா, இன்னைக்கு நம்ம ஸ்கூல்ல பெத்தவங்க நாளு. நம்ம புள்ளைங்க மேல படிக்கறதுக்குக் கைநாட்டு வைக்கணும். பெத்தவங்க... நாமதான். அத்தன பேரும் வந்து சேரணும்."

யாரும் அசையவில்லை. ஒருவர் மெல்ல, "சாவு இல்லேன்னு தெரிஞ்சா பண்ணையாரு குடிசையைப் பிரிச்சிருவாரேப்பா" என்றார்.

"மனைக்கட்டு நம்மளுதுன்னு சட்டம் வந்திருச்சாம், ரேடியோவுல சொன்னாங்கல்ல?" என்றாள் ராஜம்மாள்.

"சட்டம் ரேடியோவுல இருக்கு. பண்ணையாரு இங்கல்ல இருக்காரு."

ராஜம்மாள் கூந்தலை அள்ளி முடிந்தாள். மகளின் கையைப் பிடித்தாள். "வெள்ளிக்கெழம வர்றேன்னு சொன்னேன். இன்னைக்கே வந்தா என்ன?" என்று சொல்லிவிட்டு நடந்தாள். ஒவ்வொருவராகப் பின்னால் வந்தார்கள். குடிசைக்குப் பயந்தவரும் வந்தார்.

பள்ளி வாசலில் பெரிய வாத்தியார் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றார்.

"என்ன டீச்சர் இது, சேத்துக் காலோட? பெஞ்சு, நாற்காலி எல்லாம்..."

"சார், அக்கறை இல்லாத ஜனங்கன்னு சொன்னீங்களே, அவங்கதான் வந்திருக்காங்க. நகருங்க" என்றேன்.

நகர்ந்தார். சலவை வேட்டிகள் முகத்தைச் சுளித்துக்கொண்டு ஒரு பக்கமாக ஒதுங்கின. தெற்குத்தெருவார் தரையில் உட்காரப் போனார்கள். "தரையிலே யாரும் உட்காரக் கூடாது" என்று நான் போட்ட சத்தத்தில், நாற்காலியின் நுனியில் விழுந்துவிடுவதுபோல உட்கார்ந்தார்கள். வகுப்பில் இந்த வருஷம் என்னவெல்லாம் படித்தோம் என்று பிள்ளைகள் எழுந்து அவரவர் அம்மாவைப் பார்த்துச் சொல்லத் தொடங்கினார்கள். பக்கிரி மட்டும் பறையோடு கதவோரம் நின்றுகொண்டார்.

ஜீப் வந்தது. இன்ஸ்பெக்டருக்குப் பின்னால் வைத்தியலிங்கமும் இறங்கினார். பஞ்சநதம் வழியிலேயே காதில் போட்டிருக்கவேண்டும். அறைக்குள் நுழைந்ததும் அவர் கண் நேராகப் பறைக்குத்தான் போயிற்று.

"ஏண்டா பக்கிரி, யாருடா செத்தது?"

பக்கிரி தலையைக் குனிந்துகொண்டார். பிள்ளைகள் பாதியில் நிறுத்தினார்கள். நான் வாயைத் திறப்பதற்குள் ராஜம்மாள் எழுந்து நின்றாள்.

"யாரும் சாகலீங்க. எங்களையும் கூப்பிட்டாங்க. வந்தோம்."

சொல்லிவிட்டு அவர் நின்றுகொண்டிருக்கும்போதே மறுபடி நாற்காலியில் உட்கார்ந்தாள். இந்தத் தடவை நுனியில் இல்லை, நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தாள்.

வைத்தியலிங்கத்தின் முகம் கறுத்தது. அதிகாரி பக்கத்தில் நின்றதால் அடக்கிக்கொண்டு, "அந்தப் பறைய நாளைக்குக் கொண்டாந்து வீட்டுல போட்டுட்டுப் போ. அப்புறம் பேசிக்கறேன்" என்றார். பேசுவார் என்று எல்லாருக்கும் தெரியும். அறையில் இருந்த யாரும் எழுந்து போகவில்லை.

இன்ஸ்பெக்டர் எல்லாரையும் ஒருமுறை பார்த்தார். பெரிய வாத்தியாரையும் பார்த்தார். பிறகு மேஜைக்கு முன்னால் உட்கார்ந்து கண்ணாடியை மாட்டிக்கொண்டார்.

"எல்லையம்மாள். தகப்பனார் பெயர் பக்கிரி."

அதிகாரி வாயில் தன் பெயர் வந்ததைக் கேட்டுப் பக்கிரி திகைத்துப்போய்ப் பின்னால் திரும்பிப் பார்த்தார், வேறு யாரையாவது கூப்பிடுகிறாரோ என்று. சுவரோரம் நின்ற எல்லையம்மாள் சத்தமில்லாமல் உதட்டை அசைத்தாள். அவருக்குப் புரிந்துவிட்டது. பறையைக் கழற்றித் தரையில் வைத்தார். சாயங்காலங்களில் வாசலில் நிற்பாரே, அந்த மாதிரி விறைப்பாக நின்றுகொண்டார்.

"உள்ளேன் ஐயா!" என்றார், மூன்று தெருவுக்கும் கேட்கிற குரலில்.

மேலத்தெருப் பக்கம் யாரோ சிரித்தார்கள். இன்ஸ்பெக்டர் சிரிக்கவில்லை. மை டப்பாவைத் திறந்து அவர் பக்கம் நகர்த்தி வைத்தார்.